எந்தப் பக்கம்?

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ். ஒன்று எனக்கு, இன்னொன்று என் அக்கா மகளுக்கு. இருவர் ஃபைலிலும் அதே பெயர்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அது ஏன் வந்தது என்று ஒரு டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டிவிட்டார். எனக்கு ஏன் வந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. கேட்டால், "இப்படித்தான் சிலருக்கு வரும்மா" என்பார்கள். அவளுடைய நோய்க்கு விலாசம் இருக்கிறது, என்னுடையதற்கு இல்லை. அந்த வித்தியாசத்தை எனக்கு நானே விளக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான். "பேரு மட்டும் போட்றாதீங்க சித்தி, மிச்சத்தத் தாராளமா எழுதுங்க" என்றாள்.

நோயைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கருப்பையின் உள்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலம் ஒன்று உண்டு. அதே மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடலின் மேலோ வயிற்றின் உள்சவ்விலோ ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அது எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோனுக்கு ஆடும், கசியும், புண்ணாகும், தழும்பாகும், பக்கத்து உறுப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் அதன் நிறத்தை வைத்து சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். உலகம் முழுக்கப் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கூட்டத்தில் நான் சாதாரண ஆள். அக்கா மகள் அப்படியில்லை.

அவள் பிறந்த உடனேயே எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகம் இல்லை என்று வந்தது. அக்காவும் அத்தானும் பதறிப்போய்க் குழந்தை மருத்துவரிடம் ஓட, அவர் நிதானமாகப் பேசி அனுப்பினார். ஒரு கிட்னியோடு எத்தனையோ பேர் முழு ஆயுசும் வாழ்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், யூரின் இன்ஃபெக்‌ஷன் வராமல் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை பிபி பாருங்கள். எல்லாமே சரியான அறிவுரை. அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஊறுகாய் பாட்டில் மேல் தட்டுக்குப் போனது. பள்ளிக்கூடப் பையில் எப்போதும் ரெண்டு தண்ணீர் பாட்டில். ஆனால் அந்த ஃபைலில் எந்த இடத்திலும் "பெண் குழந்தை, ஆகவே பின்னால் கருப்பையையும் ஒருமுறை பாருங்கள்" என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பன்னிரண்டு வயதில் பெரிய மனுஷியானாள். சடங்கெல்லாம் தடபுடலாக நடந்தது. முதல் சில மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் வலி ஆரம்பித்தது. அடிவயிற்றில், வலது பக்கம் கூடுதலாக. முதலில் ரத்தப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும். பிறகு அது நின்ற பின்னும் விடாமல் இரண்டு மூன்று நாள். வலது காலை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். நிமிர்ந்து நடக்கமாட்டாள். அந்தப் படுக்கை எனக்கு நன்றாகத் தெரிந்த படுக்கை. என்ன, நான் இரண்டு காலையும் மடக்குவேன்.

ஆச்சி வழக்கம்போல, "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் உண்டு. அவ சித்திக்கும் இப்பிடித்தான இருந்துச்சு" என்றாள். இதில் ஓரளவு மருத்துவமும் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. அதனால் போன இடத்தில் எல்லாம் "சித்திக்கு இருக்கு" என்ற வார்த்தையைக் கேட்டதும் மேற்கொண்டு கேள்வி நின்றுபோனது. மெஃப்டால் ஸ்பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ஸ்கேன் சென்டரில் வலது சினைப்பைப் பக்கம் ஏதோ கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்த ஒருவர் கட்டியை எடுத்துவிடலாம் என்றார். தேவைப்பட்டால் சினைப்பையோடு சேர்த்து. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு.

இன்னொரு இடத்தில் கேட்டுவிடலாம் என்று அக்கா ஒரு வயதான மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் படித்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றார். வருகிறது. எத்தனை நாள், எவ்வளவு, கட்டியாக வருகிறதா. எல்லாம் சொன்னோம். "பிறந்ததில இருந்து வேற ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றபோது அக்கா கொஞ்சம் தயங்கி, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிற குரலில், "ஒரு கிட்னிதான் டாக்டர்" என்றாள்.

"எந்தப் பக்கம் இல்ல?"

"வலது பக்கம்."

"வலியும் வலது பக்கந்தான?"

இவ்வளவுதான் நடந்தது. எம்ஆர்ஐ எல்லாம் பிறகுதான். நோய் என்ன என்பது அந்த இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

அவர் போட்டுக் காட்டிய படத்தை நான் இப்போதும் வரைவேன். மேலிருந்து கீழே இரண்டு கோடுகள், இடமும் வலமும். தாய் வயிற்றில் கரு ஆறு ஏழு வார வயதில் இருக்கும்போது பெண் உறுப்புகள் இந்த இரண்டு குழாய்களாகத்தான் தொடங்குகின்றன. 1830-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடலியலாளர் யோஹான்னஸ் முல்லரின் பெயரால் முல்லேரியன் குழாய்கள் என்கிறார்கள். இரண்டும் கீழ்நோக்கி வளர்ந்து, நடுவில் சந்தித்து, ஒன்றாகச் சேரும். சேராமல் நிற்கும் மேல்பகுதிகள் இரண்டு கருக்குழாய்களாகின்றன. சேர்ந்த பகுதி கருப்பையாகவும் கருப்பை வாயாகவும் யோனியின் மேல்பகுதியாகவும் ஆகிறது. சேர்ந்த இடத்தில் நடுவே ஒரு சுவர் இருக்கும், அதுவும் கரைந்துபோக வேண்டும். ஐந்தாம் மாதவாக்கில் இந்த வேலை முடிந்துவிடும்.

இதில் எந்தக் கட்டத்தில் தடங்கல் வந்தாலும் ஒரு வகைக் குறைபாடு. சேரவே இல்லையென்றால் இரண்டு கருப்பை. பாதி சேர்ந்தால் இதய வடிவக் கருப்பை. சுவர் கரையாமல் நின்றால் தடுப்புள்ள கருப்பை. ஒரு குழாய் வளராமல் போனால் ஒற்றைக்கொம்புக் கருப்பை, சில சமயம் மறுபக்கம் ஒரு குட்டிக் கொம்பு வழியில்லாமல் மூடிக்கிடக்கும். இரண்டுமே உருவாகாவிட்டால் கருப்பையே இல்லை, ஏறத்தாழ 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி. எல்லா வகையையும் சேர்த்தால் பொதுவாகப் பெண்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு ஏதோ ஒன்று இருக்கும், பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. இவற்றை எப்படி வகைப்படுத்துவது என்பதில் நிபுணர்களுக்குள் ஓயாத பஞ்சாயத்து. 1988-இல் அமெரிக்கச் சங்கம் ஒரு பட்டியல் போட்டது, 2013-இல் ஐரோப்பியர்கள் வேறு ஒன்று போட்டார்கள், 2021-இல் அமெரிக்கர்கள் தங்களுடையதைத் திருத்தி எழுதினார்கள். ஒரே பெண் ஒரு பட்டியலின்படி இயல்பானவள், இன்னொன்றின்படி குறையுள்ளவள். நமக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

கிட்னிக்கு வருவோம். முல்லேரியன் குழாய்க்குப் பக்கத்திலேயே வுல்ஃபியன் குழாய் என்று இன்னொன்று ஓடுகிறது. சிறுநீரகம் உருவாக வேண்டிய மொட்டு அதிலிருந்துதான் கிளைக்கிறது. முல்லேரியன் குழாய் கீழே இறங்குவதும் இந்த வுல்ஃபியன் குழாயைத் தொட்டுக்கொண்டுதான். ஆக, ஒரு பக்கத்தில் வுல்ஃபியன் குழாய் கோளாறானால் அந்தப் பக்கம் கிட்னி வராது, அந்தப் பக்க முல்லேரியன் குழாயும் வழிதவறும். சினைப்பை வேறு திசுவிலிருந்து வருகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பெண்கள் எல்லோரையும் போல வளர்கிறார்கள், ஹார்மோன் சரியாகச் சுரக்கிறது, வயதுக்கு வருகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்தத் தடயமும் கிடையாது. பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் இல்லாத பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனப்பெருக்க உறுப்பிலும் ஏதோ ஒரு மாறுதல் இருக்கும். இவ்வளவு அதிகமான ஒரு தொடர்பைக் குழந்தை ஃபைலில் எழுத இடமில்லை என்றால் எப்படி?

எம்ஆர்ஐ-யில் டாக்டர் ஊகித்தபடியே வந்தது. இரண்டு கருப்பை, இரண்டு வாய், இரண்டு யோனிப் பாதை. இடது பக்கம் திறந்திருந்தது. வலது பக்கம் ஒரு சுவரால் அடிப்பக்கம் மூடியிருந்தது. மாதாமாதம் இடது கருப்பை ஒழுங்காக வெளியேற்றிக்கொண்டிருந்தது, வலது கருப்பை மூடிய பைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இதை ஒவிரா (ஒரு பக்க யோனி அடைப்பு, அதே பக்கம் சிறுநீரகக் குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும், 1971-இல் விவரித்த ஹெர்லின், வெர்னர், 1976-இல் எழுதிய வுண்டர்லிச் ஆகியோர் பெயரால் ஹெர்லின்-வெர்னர்-வுண்டர்லிச் சிண்ட்ரோம் என்றும் சொல்கிறார்கள். வலது பக்கம்தான் இது அதிகம் காணப்படுகிறது. ஸ்கேன் சென்டரில் சினைப்பைக் கட்டி என்று பார்த்ததில் பெரும்பகுதி உண்மையில் ரத்தம் நிரம்பி உப்பியிருந்த யோனிப் பையும் வீங்கிய கருக்குழாயும்.

இதைக் கண்டுபிடிக்கவிடாமல் எல்லோரையும் ஏமாற்றுவது அந்த ஒழுங்கான மாதவிலக்குதான். வழி முழுக்க அடைத்த பெண்கள் வேறு வகை. கன்னித்திரையில் துளையில்லாமல் பிறந்தவளுக்கோ, யோனியின் குறுக்கே சுவர் உள்ளவளுக்கோ ரத்தமே வெளியே வராது. பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லையே என்று கோயில் கோயிலாக அலையும் குடும்பங்களில் சிலருடைய மகள்கள் ஏற்கெனவே வயதுக்கு வந்துவிட்டவர்கள்தான். மாதம் ஒருமுறை வயிறு வலிக்கும், உப்பிய பை மூத்திரப் பாதையை அழுத்தி மூத்திரம் போகமுடியாமல் துடிப்பாள். அங்கே கேள்வி எழ ஒரு காரணமாவது இருக்கிறது. அக்கா மகள் மாதிரி ஒரு பக்கம் மட்டும் அடைத்த பெண்ணிடம் "பீரியட்ஸ் சரியா வருதா?" என்று கேட்டால் "வருது" என்பாள். அது பொய்யும் இல்லை.

இனி எண்டோமெட்ரியோசிஸ் எங்கிருந்து வந்தது? மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பேறும். கீழே போக வழியில்லாத ரத்தம் மேலே ஏறி, கருக்குழாயின் திறந்த நுனி வழியாக வயிற்றுக்குள் கொட்டுகிறது. அதில் உதிர்ந்த படலத்தின் உயிருள்ள துணுக்குகளும் இருக்கின்றன. அவை விழுந்த இடத்தில் ஒட்டி முளைக்கின்றன.

இந்த எண்ணம் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் வேலை பார்த்த ஜான் சாம்ப்சன் என்ற அறுவை மருத்துவருடையது. 1921-இல் சாக்லேட் சிஸ்ட்டுகளைப் பற்றி எழுதினார். மாதவிலக்கு நாட்களில் அறுவை செய்யும்போது கருக்குழாய் நுனியிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்ணால் பார்த்தார். 1927-இல், ரத்தம் பின்னோக்கி ஓடி வயிற்றுக்குள் படலத்தை விதைப்பதுதான் இந்த நோயின் மூலம் என்று கட்டுரை எழுதினார். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். 1950-இல் டெலிண்டும் ஸ்காட்டும் குரங்குகளின் கருப்பையைத் திருப்பிவைத்து, மாதவிலக்கு ரத்தம் வயிற்றுக்குள்ளேயே போகும்படி செய்தபோது பாதிக் குரங்குகளுக்கு நோய் வந்தது.

ஆனால் மனுஷிகளிடம் அப்படிச் சோதனை செய்ய முடியாதே. அடைப்போடு பிறந்த பெண்கள்தான் இயற்கை செய்துவைத்த சோதனை. 1987-இல் ஆலிவும் ஹென்டர்சனும் முல்லேரியன் குறைபாடுள்ள பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். கருப்பைப் படலம் வேலை செய்து, கருக்குழாய் திறந்திருந்து, கீழே அடைப்பும் இருந்தவர்கள் 13 பேர். அதில் 10 பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது 77 சதவீதம். குறைபாடு உண்டு, அடைப்பு இல்லை என்ற 43 பேரில் 16 பேருக்கு, அதாவது 37 சதவீதம். எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் நோயை வரவழைப்பது வடிவக் கோளாறை விட அடைப்புதான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு ஒன்றை நான் படிக்கவில்லை. அடைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியமாம். கன்னித்திரை அளவில் அடைத்திருந்தால் யோனி முழுக்க விரிந்து நிறைய ரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும், பின்னோட்டம் தாமதமாகும். கருப்பை வாய்ப் பக்கத்திலேயே அடைத்தால் விரிய இடமில்லை, சீக்கிரமே வயிற்றுக்குள் ஏறிவிடும்.

இந்த இடத்தில் சாம்ப்சனுக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம், என்னுடைய ஃபைல் மட்டும் இல்லாவிட்டால்.

எனக்கு எந்த அடைப்பும் இல்லை. ரத்தம் பின்னோக்கிப் போவதுதான் காரணம் என்றால், அது கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் போகிறது. 1984-இல் ஹால்மெ குழுவினர் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டவர்களைப் பார்த்தார்கள். கருக்குழாய் திறந்திருந்தவர்களில் 90 சதவீதம் பேரின் வயிற்று நீரில் ரத்தம் இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் போகிறது, பத்தில் ஒருவருக்கு நோய் வருகிறது. மிச்ச எட்டுப் பேரின் உடம்பு அதைச் சுத்தம் செய்துவிடுகிறது, அந்த ஒருத்தியின் உடம்பு ஏன் செய்வதில்லை? நோய் எதிர்ப்பு அணுக்கள், மரபணு, படலத்தின் குணம் என்று பல விடைகள் சொல்கிறார்கள். எதுவும் டாக்டர் என் ஃபைலில் எழுதும் அளவுக்கு உறுதியான விடை இல்லை.

சாம்ப்சனுக்கு அடங்காத ஆட்களும் உண்டு. மாதவிலக்கே தொடங்காத, எந்த அடைப்பும் இல்லாத சிறுமிகள் சிலருக்கு இந்த நோய் இருந்ததை 2005-இல் அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள். வராத ரத்தம் எப்படிப் பின்னால் போகும்? இத்தாலியில் ஒரு குழு, இறந்த பெண் சிசுக்களின் உடலில் கருப்பைக்கு வெளியே இதே மாதிரித் திசுத் துணுக்குகளைக் கண்டது. 2012-இல் வெளியிட்ட கணக்கில் 101 சிசுக்களில் 9. முல்லேரியன் குழாய்கள் உருவாகும்போதே சில செல்கள் இடம் மாறிச் சிந்திவிடுகின்றன, ஹார்மோன் வந்ததும் விழித்துக்கொள்கின்றன என்பது அவர்கள் வாதம். இது சரியென்றால் வடிவக் கோளாறும் எண்டோமெட்ரியோசிஸும் ஒரே தாய் வயிற்றுப் பிழையின் இரண்டு முகங்கள். டிஇஎஸ் என்ற செயற்கை ஹார்மோன் கதையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அமெரிக்காவில் 1940-களிலிருந்து 1971 வரை கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வயிற்றிலிருந்த பெண் குழந்தைகள் பலருக்கு டி எழுத்து வடிவில் கருப்பை அமைந்தது. வளர்ந்த பிறகு எண்டோமெட்ரியோசிஸும் மற்றவர்களை விட அதிகமாக வந்தது.

அடைப்பில்லாத குறைபாடுகள், குறிப்பாகத் தடுப்புள்ள கருப்பை, தாமாகவே இந்த நோயைக் கூட்டுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கூடுகிறது என்று சில, வித்தியாசமே இல்லை என்று சில. எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. குழந்தையில்லை, வலி தாங்கவில்லை என்று வருகிறவர்களைத்தானே உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். தேடுகிற இடத்தில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது பெரிய ஆச்சரியமா?

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். இதில் மருத்துவத்தை விடக் குடும்பம்தான் பெரிய தலைவலி. தடுப்புச் சுவரை வெட்டித் திறக்க வேண்டும், யோனி வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அத்தானின் முகம் மாறியது. வீட்டுக்கு வந்ததும் அத்தானின் அக்கா ஆரம்பித்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கிடலாமே. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது கேட்டா?" பதின்மூன்று வயதுப் பெண்ணின் வயிற்றுக்குள் மாதாமாதம் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கிறது, இவர்கள் பத்து வருஷம் கழித்து வரப்போகும் யாரோ ஒரு பையனின் சந்தேகத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். இப்படித் தள்ளிப்போட்டால் கருக்குழாய் கெட்டுப்போகலாம், சினைப்பை கெடலாம், தேங்கிய ரத்தம் சீழ் பிடிக்கலாம். அக்காதான் வாயைத் திறந்தாள்: "மதினி, அவளுக்கு மாப்பிள்ளை வேணும்னா நான் பாத்துக்கிடுதேன். இப்ப அவளுக்கு வலிக்கி." அதற்கப்புறம் அந்தப் பேச்சு எழவில்லை.

கன்னித்திரைக்குச் சேதமில்லாமல் மெல்லிய கேமரா கருவி வழியாகவே உள்ளே போய்ச் சுவரை வெட்டும் முறையும் இருக்கிறது. டாக்டர் அதைத்தான் செய்தார். அவர் அதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் விட்ட பெருமூச்சு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இருக்கட்டும், பிள்ளைக்கு வேலை நடந்தால் சரி.

ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா என்று நானே கேட்டேன். கூடாது என்றார். சுவரை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் போட்டால் கிருமி உள்ளே போகும், ஓட்டை மூடிக்கொள்ளும், அதுவரை ரத்தப் பையாக இருந்தது சீழ்ப் பையாகிவிடும். திறந்தால் அகலமாகத் திறக்க வேண்டும், சுவரை முடிந்தவரை வெட்டி எடுக்க வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கும்வரை மாதவிலக்கையே நிறுத்திவைக்க ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். வலி அப்போதே பாதியாகக் குறைந்தது.

அறுவை அன்று வெளியே வந்தது சிவப்பு ரத்தமாக இல்லை, கெட்டியான கறுப்புப் பழுப்பு. வலது சினைப்பையில் சின்னதாக ஒரு சாக்லேட் சிஸ்ட், உள்சவ்வில் அங்கங்கே கருநீலப் புள்ளிகள். எண்டோமெட்ரியோசிஸ்தான். முன்னே ஒருவர் எடுத்துவிடச் சொன்ன அதே சினைப்பை. இவர் அதைத் தொடவில்லை. "அடைப்பு போயிடுச்சு. இது தானாவே வத்துதான்னு பார்ப்போம்" என்றார்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அடைப்புள்ள பெண்களுக்கு வழியைத் திறந்துவிட்ட பின், வயிற்றுக்குள் பரவியிருந்த எண்டோமெட்ரியோசிஸ் மறைந்துபோனதை 1986-இலேயே சான்ஃபிலிப்போ குழுவினர் எழுதியிருக்கிறார்கள். அதனால் இப்படிப்பட்ட சிறுமிகளிடம் முதல் அறுவையிலேயே ஒவ்வொரு புள்ளியையும் துரத்திச் சுட்டுப் பொசுக்க வேண்டாம் என்பது பல நிபுணர்களின் கருத்து. எல்லோருக்கும் அப்படிப் போய்விடுவதில்லை. திறந்த பிறகும் நோய் தங்கிவிட்டவர்களைப் பற்றியும் பதிவுகள் இருக்கின்றன. அதனால் வலி திரும்ப வந்தால், "அதான் ஆபரேஷன் ஆச்சே" என்று விட்டுவிடக் கூடாது.

அவளுக்குப் போனது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் சிஸ்ட் சுருங்கி, பிறகு காணவே இல்லை. அந்த ஸ்கேனைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் பொறாமையும் நின்றது. எனக்கு லேப்ராஸ்கோப்பியில் எடுத்த சிஸ்ட் திரும்ப வந்திருக்கிறது. அவளுக்கு யாரும் எடுக்காமலேயே போய்விட்டது.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். போன முறை டாக்டரிடம் போனபோது அவளே கேட்டாள், பிள்ளை பெற முடியுமா என்று. இரட்டைக் கருப்பை உள்ளவர்கள் பெறுகிறார்கள், அடைப்பு இருந்த பக்கத்திலும் கரு தங்கலாம் என்றார். ஒவ்வொரு கருப்பையும் சிறியது என்பதால் குறைமாதப் பிரசவமும் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் கூடுதலாக நடக்கும், ஒரு கிட்னி என்பதால் ரத்த அழுத்தத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். "அப்ப சரி, அத அப்பப் பாத்துக்கிடலாம்" என்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிற மாதிரி.

மகளுக்கு ஒரு சிறுநீரகம்தான் என்று ஸ்கேனில் வந்திருந்தாலோ, பிறக்கும்போது நீர்க்கட்டிகளோடு இருந்த சிறுநீரகம் பிறகு சுருங்கிக் காணாமல் போயிருந்தாலோ, மார்பு வளரத் தொடங்கும் வயதில், மாதவிலக்கு வருவதற்கு முன், ஒருமுறை கருப்பைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள். பிறந்த குழந்தையிடம் கருப்பையைப் பார்ப்பது கடினம், எட்டு வயதில் அது மிகச் சின்னதாக இருக்கும், அதனால்தான் அந்த வயது. ஸ்கேன் அறையில் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாமல் கிட்னி எந்தப் பக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பவர் எங்கே தேடுவது என்று தெரிந்து தேடுவார்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஒருவேளை எனக்கும் எங்கேயாவது ஒரு சுவர், ஒரு மூடிய கொம்பு இருக்குமோ? முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று என் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துக் காத்திருந்து எடுத்ததில், கருப்பை ஒழுங்கான வடிவம், உள்ளே தடுப்பு இல்லை, இரண்டு சிறுநீரகமும் அதனதன் இடத்தில். நல்ல செய்திதான் என்றார் டாக்டர். டைனோஜெஸ்ட் ஹார்மோன் மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.